மறைத்த பொருளும் உரைத்த சொல்லும்

திருவள்ளுவர் வாழ்க்கைத் துணைநலத்தை அறத்துப்பாலில் 6-ஆம் அதிகாரமாக வைத்தார். பொருள் செயல்வகையைப் பொருட்பாலில் 76-ஆம் அதிகாரமாக வைத்தார். நூலில் இவ்விரண்டும் தொலைவில் நிற்கின்றன. இல்லத்திலோ ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டியிருக்கிறது. அவ்வாறு வாழும்போது, பொருளின் வழியே நுழையும் சபலம் இல்லறத்தை எந்த இடத்தில் உடைக்கிறது? தமிழகம் தந்த காப்பியம் ஒன்றையும், நாம் வந்து வாழும் வங்கம் தந்த கதைகள் இரண்டையும் துணைக்கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

கோவலன் மாதவிபால் மயங்கிக் குலந்தரு பொருளையெல்லாம் இழந்தான். அக்காலமெல்லாம் கண்ணகி வாய் திறந்து ஒரு சொல்லும் கேட்டிலள். அவன் நாணத்தோடு திரும்பி வந்தபோதும், சிலம்பு இருக்கிறது, கொள்க என்றே கூறினாள். அப்பொறுமையைக் கற்பெனப் போற்றுகிறோம், போற்றுவது தகும். ஆயினும் இளங்கோவடிகள் அத்துடன் நிறுத்தவில்லை. மதுரைப் புறஞ்சேரியில் மாதரியின் மனையில் கணவனுக்கு உணவிட்ட பின்னர், அவன் நடந்துகொண்ட முறை போற்றத்தக்கது அன்று என்பதைக் கண்ணகி அவனிடமே சொல்லிவிடுகிறாள். நெஞ்சில் கிடந்த உண்மை வெளிப்பட்ட நாள் அது. சிலம்பில் ஒன்றை விற்கச் சென்ற கோவலன் கொலையுண்டதும் அந்நாளிலேயே. சொல் வந்தது, வாழ நாள் இல்லை.

இரவீந்திரநாத் தாகூரின் ‘கரே பாயிரே’ (வீடும் வெளியும்) 1916-இல் நூலாக வெளிவந்தது; சத்யஜித் ரே 1984-இல் அதனைத் திரைப்படமாக்கினார். 1905-ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசிக் கிளர்ச்சியே அதன் களம். மனைவி அந்தப்புரத்தை விட்டு வெளியுலகைக் காண வேண்டும், கண்ட பின்னும் தன்னைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறவன் ஜமீன்தார் நிகிலேஷ். அவன் மனைவி பிமலா, நாட்டின் பெயரால் பேசும் சந்தீப்பின் சொல்வன்மையில் மயங்குகிறாள். அவன் பணம் கேட்கிறான். கணவனின் இரும்புப் பெட்டியிலிருந்து ரூ. 6,000 பெறுமான பொற்காசுகளை அவள் எடுத்துத் தருகிறாள். எடுத்த கணமே தன் வீட்டில் தானே திருடியானதை உணர்கிறாள். அதனை ஈடுசெய்ய, நகைகளை விற்றுவருமாறு இளைஞன் அமூல்யனிடம் கொடுக்கிறாள். ஒரு மறைப்பை மூட இன்னொரு மறைப்பு! இறுதியில் கணவனிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். ஆனால் கலவரத்தைத் தடுக்கப் புறப்பட்ட நிகிலேஷ் தலையில் படுகாயத்துடன் தூக்கி வரப்படுகிறான். இங்கும் சொல் பிந்திவிட்டது.

மூன்றாவது கதை நமக்கு இன்னும் அணித்தானது. நரேந்திரநாத் மித்ராவின் கதையை ஒட்டி ரே 1963-இல் எடுத்த ‘மகாநகர்’, கல்கத்தாவின் நடுத்தரக் குடும்பம் ஒன்றைக் காட்டுகிறது. வங்கிக் குமாஸ்தா சுப்ரதாவின் ஊதியம் போதவில்லை. மனைவி ஆரத்தி பின்னல் இயந்திரங்களை வீடு வீடாகச் சென்று விற்கும் வேலைக்குச் செல்கிறாள். அவள் கைப்பையில் ஓர் உதட்டுச்சாயம் ஒளிந்திருக்கிறது. அவன் நெஞ்சில் ஐயம் ஒளிந்திருக்கிறது. வேலையை விட்டுவிடு என்கிறான். அவன் வங்கியே மூடப்பட்டதும், விடாதே என்கிறான். பிறர் முன் கணவனின் மதிப்பைக் காக்க ஆரத்தி பொய் கூறுகிறாள். அதனைச் செய்தித்தாளின் பின்னே முகம் மறைத்து அவனே கேட்க நேர்கிறது. முடிவில், உடன் பணிபுரிந்த ஆங்கிலோ இந்தியப் பெண் அநீதியாக நீக்கப்பட்டதைப் பொறாமல் ஆரத்தி வேலையைத் துறக்கிறாள். இல்லத்தில் இருந்த ஒரே வருவாயும் போயிற்று. அஞ்சியபடியே அதனைக் கணவனிடம் உடனே சொல்கிறாள். அவன் சினக்கவில்லை, அவள் துணிவை மதித்து உடன் நிற்கிறான். இருவரும் பெருநகரின் கூட்டத்தில் கலந்து நடக்கிறார்கள்.

மூன்று இல்லங்களிலும் பொருள் போயிற்று. மூன்றாவது இல்லம் மட்டுமே எஞ்சியது. காரணம், அங்கே உரிய காலத்தில் உண்மை உரைக்கப்பட்டது. உரைத்ததைத் தாங்கும் நெஞ்சமும் எதிரே இருந்தது. இவ்விரண்டாவது பகுதியை நாம் மறந்துவிடுகிறோம். கேட்பவர் சீறுவார் என்ற அச்சமே பல இல்லங்களில் மறைப்பின் தாய். ஆகவே, மறைத்தவரைக் குற்றம் கூறுமுன், மறைக்கும்படி அவரை அச்சுறுத்தியது யார் என்றும் வினவுதல் அறமாகும்.

ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் இலக்கிய ஆராய்ச்சி அன்று. லேக் மார்க்கெட் பகுதியிலும் ராஷ்பிகாரி அவென்யூவிலும் குடியேறிய தலைமுறையினர் ஒரு சம்பளத்தை இரண்டு ஊர்களுக்குப் பங்கிட்டவர்கள். பெற்றோருக்கு மணியார்டர், தங்கை திருமணத்திற்குக் கடன், மனைவியறியாச் சீட்டு, கணவனறியாச் சேமிப்பு ஆகியவை பெரும்பாலும் நல்லெண்ணத்தில் தோன்றியவையே. ஆயினும் நல்லெண்ணத்தில் மறைத்ததும் மறைத்ததே. அண்டை வீட்டுப் பெரியவரோ அத்தையோ சமாதானம் சொல்ல அருகில் இல்லாத அயலூரில், கணவனுக்கு மனைவியும் மனைவிக்குக் கணவனுமே சுற்றம்.

மாதத்தின் முதல் நாளில் வரவையும் செலவையும் இருவரும் ஒருங்கே அமர்ந்து பார்ப்பது கணக்கு வேலை போலத் தோன்றும். அது இல்லறத்தின் அன்றாட வழிபாடுகளுள் ஒன்று எனக் கொள்வோமாக. கையில் சிலம்பு ஒன்றே எஞ்சும் நாள்வரை காத்திராமல், மனத்தில் உள்ளதை இன்றே உரைப்போம்; உரைப்பவரைச் சினவாது கேட்போம்.