அவ்வண்டியே இவ்வண்டியோ?

உறுப்புக்கள் பல கூடி ஒன்றெனப் பெயர் பெற்று நிற்கும் பொருள், அவ்வுறுப்புக்கள் ஒவ்வொன்றாய் மாறிய பின்னும் அதுவேயாமோ, பிறிதாமோ என்னும் வினா தருக்க நூல்களிற் பழையது. திருமடத்துப் பாடசாலையிற் சிவஞானசித்தியார் பரபக்கம் பாடங் கேட்ட நாளில் யான் அதனைக் கேட்டு, விடையும் நெட்டுருப் பண்ணி, பின்னர்ப் பல்லாண்டு மாணாக்கர்க்குச் சொல்லியும் வந்தேன். அவ்வினா என் தமக்கையார் வீட்டு வாயிலில் மண்ணெண்ணெய் நாற்றத்தோடு வந்து நிற்குமென்று எண்ணியதில்லை.

தமக்கையாரின் கணவர் 1972ஆம் ஆண்டில் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிள் வாங்கினார். அது திருவொற்றியூரிற் செய்யப்பட்டது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் நகரத்து ராயல் என்பீல்டு கம்பெனியாரும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸாரும் கூடி 1955இல் என்பீல்டு இந்தியா என்னுங் கம்பெனியை நிறுவினர். ரெட்டிச்சிலிருந்த ஆலை 1967இல் மூடப்பட்ட பின்னும் அவ்வமைப்பு ஒற்றியூரில் இடையறாது தொடர்ந்தது. ஒற்றியூரென்றால் மகிழின்கீழ்ச் சங்கிலியார்க்குச் சூளுரைத்த நம்பியாரூரரையும் பட்டினத்தடிகளையுமே யான் நினைப்பேன். என் மருகர் இருவர்க்கோ அது புல்லட் பிறந்த ஊர்.

மைத்துனர் 1998இற் சிவபதமடைந்தார். அது முதல் வண்டி காவிரிக்கரை ஈரத்தில், மாட்டுக் கொட்டிலின் ஒரு மூலையில், இருபத்தைந்தாண்டு கிடந்தது. இருக்கையில் எலி குட்டி போட்டது. 2023இல் இளைய மருகன் அதனை வெளியிலிழுத்து, ஒரு மெக்கானிக்கின் துணைகொண்டு, வெறுஞ் சட்டகம் எஞ்சும் வரை பிரித்தான். பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பற்றியிருந்தது. சுத்தியலால் அடித்தால் உடையும் என்று, எண்ணெயும் டீசலும் வார்த்துப் பன்னிரண்டு நாள் காத்திருந்தனர். எழுபது மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் உட்புறம் தேய்ந்து பழுதுற்றமையால், அதனை அரை மில்லிமீட்டர் விரியக் கடைந்து, அவ்வளவிற்கேற்ற பெரிய பிஸ்டன் இட்டனர். கிராங்கின் சக்கரங்களைப் பிரித்து முளையும் கனெக்டிங் ராடும் புதிதாக்கினர். சக்கர வளையம், ஸ்போக்குகள், மட்கார்டு, கார்புரேட்டர், மின்கம்பிகள், புகைக்குழல் எல்லாம் புதியன.

சட்டகத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இவ்வகை வண்டியிற் சட்டகம் எஞ்சினுக்குக் கீழே தொடர்ந்து செல்வதில்லை. இடையிலுள்ள வெளியை எஞ்சினே இரும்புத் தகடுகளாற் பிணிப்புண்டு நிரப்பித் தானும் சட்டகத்தின் ஒரு பகுதியாய் நிற்கிறது. ஆகலின் சட்டகம் ஒரு நூலளவு கோணினும் எஞ்சின் பொருந்தாது. மணல் வீசித் துருவகற்றிய பொழுது, பின்புறக் குழாயொன்று துளைபட்டிருக்கக் கண்டு, அதனை அறுத்து வேறு குழாய் பற்றவைத்தனர். டேங்கு ஒன்றே பழையது. அதன் பொற்கோடுகளும் தூரிகையாற் புதிதாக இடப்பட்டன. ஒற்றியூர் ஆலையில் அக்கோடுகளைக் கையாலேயே இடுவது மரபாதலால் இவனும் அங்ஙனமே இடுவித்தான். ஆயினும் பழைய கை வேறு, புதிய கை வேறு.

வண்டி முடிந்த பின்னர் வழக்கு முளைத்தது. “இது அப்பாவின் வண்டி” என்றான் இளையவன். “அப்பா தொட்டதில் இதில் என்ன இருக்கிறது? நீ புதிதாக ஒன்று செய்தாய்” என்றான் மூத்தவன். அவ்வளவில் நின்றிருந்தால் அது தருக்கம். பதிவுச் சான்று இன்னும் தந்தை பெயரிலேயே இருந்தமையாலும், பழைய புல்லட்டுக்கு இக்காலத்து நல்ல விலை கிடைத்தலாலும் அது மேலும் சென்றது. தந்தை வண்டியெனின் தனக்கும் பங்குண்டே என்றான் மூத்தவன். செலவும் உழைப்பும் என்னுடையனவாகலின் வண்டி என்னதே என்றான் இளையவன். நெஞ்சுருகும்போது தந்தையுடையதும், பங்கு பிரிக்கும்போது தன்னுடையதும் ஆயிற்று இளையவனுக்கு; மூத்தவனுக்கு அதுவே தலைகீழாயிற்று. இருவரும் “மாமா, நீங்கள் சொல்லுங்கள்” என்று என்னிடம் வந்தனர்.

யான் அவசரத்தில் ஒரு விடை கூறினேன், அது பிழை. உடல் மாறினும் உயிர் மாறாதவாறு போல, உறுப்புக்கள் மாறினும் சட்டகம் மாறாமையால் அவ்வண்டியே இது என்றேன். அருகிருந்த மெக்கானிக் சிரித்து, “ஐயா, சட்டகத்திலேயும் ஒரு குழாய் புதுசு” என்றார். சட்டகமும் பல குழாய்களின் கூட்டமே, சடம், உயிரின் தானத்தில் அதனை வைத்தல் ஒவ்வாது. அரசாங்கத்தார் சட்டகத்தின் கழுத்திற் பொறித்த எண்ணையும் எஞ்சினிற் பொறித்த எண்ணையும் பதிவோடு ஒப்பிட்டு அதுவே இதுவென்பர். ஐம்பதாண்டு கடந்த வண்டிகட்கு 2021இல் வகுத்த விதியிலும், சட்டகம், உடற்கூடு, எஞ்சின் என்பன பெரிதும் மாற்றப்படாதிருத்தல் வேண்டுமென்றனர். இவை உலக வழக்கிற்கு வேண்டும் எல்லைகள். பொருளின் உண்மையை ஆராய்ந்தன அல்ல.

இனிப் பௌத்தர் கூற்றை நோக்குவாம். மிலிந்தன் என்னும் அரசனை நாகசேனர், தேர் என்பது சக்கரமோ, அச்சோ, நுகமோ என வினவி, இவற்றுள் யாதுமன்று, இவற்றின் வேறுமன்று, கூட்டத்திற்கிட்ட பெயரே தேர் எனத் தெளிவித்து, அவ்வாறே மனிதன் என்பதும் கந்தங்களின் கூட்டத்திற்கிட்ட பெயரேயென்று முடித்தார். இதில் முற்பகுதியை நாம் மறுக்க வேண்டுவதில்லை. தேரைப் பற்றி அவர் சொன்னது வண்டிக்கும் ஒக்கும். மூத்த மருகன் தன்னையறியாமலே நாகசேனர் பக்கம் நின்றான். “அதுவே இது” என்னும் மீட்டுணர்வு சடப்பொருளிற் பலவிடத்தும் மயக்கமேயாம். மாலையில் ஏற்றிய விளக்கை நள்ளிரவிற் கண்டு அச்சுடரே இச்சுடரென்கிறோம், எரிந்த நெய்யும் திரியும் வேறாயிருப்பவும்.

அற்றேல் மனிதனும் அவ்வாறேயாக எனின், அன்று. அதனை எனக்குத் தெளிவித்தது நூலன்று, என் தமக்கையார்.

வழக்கு நடந்துகொண்டிருந்த ஒரு நாள் மாலை, இளையவன் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொண்டுசென்று திரும்பினான். தமக்கையார் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஓசை கேட்டது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, வாயிற்படி வரை வந்து, “அவர் சந்து திரும்புகிற சத்தம்” என்றார். பின்பு ஒன்றும் பேசவில்லை. புகைக்குழல் புதிதாகலின் ஓசையும் பழையதன்றென்று மெக்கானிக்கே ஒப்புகின்றார். அங்ஙனமாயின் அம்மையார் அறிந்தது யாது? வண்டியின் ஒருமை பொய்யாயினும் அவர் கண்ணீர் பொய்யென்று கூற எனக்கு நா எழவில்லை. இரண்டு நாள் அதனையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

1972இல் இருபத்தோராண்டினராய் அவ்வோசைக்குக் கதவு திறந்தவர் இன்று நரைத்து, பல்லுதிர்ந்து, கண்ணிற் புரை நீக்கி நிற்கின்றார். வண்டியின் உறுப்புக்கள் மாறியதினும் அவருடம்பின் உறுப்புக்கள் மாறியது மிகுதி. எனினும் அன்று கேட்டவரும் இன்று நினைந்தவரும் ஒருவரே. முன்னைக்கணத்து அறிவு பின்னைக்கணத்து அறிவிற்கு வாசனையை ஈந்து செல்லுமென்று சௌத்திராந்திகன் கூறுவான். ஈந்தது ஒன்று, ஏற்றது பிறிதொன்றாயின், ஏற்றது “நான் கேட்டேன்” என்று எங்ஙனம் சொல்லும்? ஒருவன் உண்ண மற்றொருவன் பசி தீர்ந்தவாறாம். நினைவு, கண்டவனும் நினைப்பவனும் ஒருவனாதலை வேண்டி நிற்கும். ஆகவே அம்மையார் வாயிலிற் கண்ட ஒருமை வண்டியினுடையதன்று, தம் உயிரினுடையது. அதனை அவர் வண்டியின்மேல் ஏற்றிக் கண்டார். வண்டிக்கோ தான் அதுவென்னும் அறிவு 1972இலும் இல்லை, இன்றும் இல்லை.

நாகசேனர் தேரைப் பிரித்துக் காட்டினார். பிரித்த உறுப்புக்களை மீளக் கூட்டுவார் யாரென்பதை வினவினாரிலர். மெக்கானிக் ஒரு செய்தி சொன்னார்: தாம் பிரித்த வண்டியை எவ்வளவு நாட்கழித்தும் தம்மாற் கூட்டலாகுமாம், பிறர் பிரித்துச் சாக்கிற் கட்டிக் கொணர்வதே பெருந்தொல்லையாம். எந்தத் தகடு எந்த ஆணியடியில் இருந்ததென்பது பிரித்தவனுக்கே தெரியுமென்றார். ஒடுக்குவோனே மீளத் தோற்றுவிப்போனாதலின் சங்கார காரணனே முதல்வன் என்று சிவஞானபோத முதற்சூத்திரத்தில் மெய்கண்டார் நிறுவியதை, அந்நூல் கேளாத ஒருவர் வாயிலாகக் கேட்டு மகிழ்ந்தேன்.

எஞ்சியது “எனது” என்னுஞ் சொல். உயிர் உடலின் வேறென்பதற்கு மெய்கண்டார் காட்டிய ஏதுக்களுள் ஒன்று, நாம் “எனது உடல்” என்று வழங்குதல். எனது வண்டி என்பான் வண்டியாகாதவாறு போல எனது உடல் என்பானும் உடலாகான். இத்துணையும் மாணாக்கர்க்கு எளிதிற் சொல்லிவிடலாம். ஆயின் யான் அறுபதாண்டு கழிந்த பின்னரே கவனித்தது ஒன்றுண்டு. பிரிந்து நிற்கின்றேன் என்பதற்குச் சான்றாகிய அச்சொல்லே, பிரிய மாட்டேன் என்று பற்றுதற்கும் சொல்லாகிறது. அம்மருகர் இருவரும் ஒரு மூச்சில் அதனை இருவகையாலும் வழங்கினர். யானும் அவர்களைக் குறைகூறுதற்குரியவன் அல்லேன். மடத்தில் ஆசிரியர் எனக்களித்த ஏட்டுச்சுவடி ஒன்றனை என் தம்பி மகன் எடுத்துப் பார்த்தமைக்கு ஒரு திங்கள் முகங்கொடுக்காதிருந்தேன்.

பங்கு யாருக்கென்று யான் தீர்ப்புக் கூறவில்லை; அது என் கல்விக்குட்பட்டதன்று. ஒன்று மட்டும் கேட்டேன். வண்டியை வைத்துக்கொள்ளினும் விற்பினும், எது பழையது எது புதியது என்பதை ஒன்றும் மறையாமல் எழுதிவைக்க வேண்டும், வாங்குவோன் அதனைப் படித்த பின்பே விலை பேச வேண்டும் என்றேன். இளையவன் அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினான். பக்கங்கள் வளர வளர, “இவ்வளவா மாற்றினேன்!” என்று அவனே வியந்தான். மூத்தவன் அதனை வாங்கி முதலிலிருந்து படித்தான். தம்பி வெள்ளிப் பொறுப்பு விட்டிருந்த ஓரிடத்தில், அப்பா ஒரு விபத்திற்குப்பின் ஹாண்டில்பாரை மாற்றியது தனக்கு நினைவிருக்கிறதென்று தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தான். தந்தை காலத்திலேயே வண்டி முழுதும் பழையதன்றென்பது அப்பொழுதுதான் இருவர்க்கும் தெரிந்தது.

இரண்டு கிழமை கழித்துப் பதிவை இளையவன் பெயருக்கு மாற்றுதற்குரிய இசைவுக் கடிதத்தில் மூத்தவன் கையெழுத்திட்டான். ஈடாக அவன் கேட்டது பழைய பிஸ்டன் ஒன்றே. துருவும் கரியும் துடைக்காமலே அதனைக் கொண்டுபோனான். அது இப்பொழுது அவன் மேசையின்மேல், காகிதம் பறவாதபடி வைக்கப்பட்டிருக்கிறது.