மண்ணில் புதைத்த கட்டில்

ஒரு மரக்கட்டிலை மண்ணில் புதைத்து, அது மக்கித் துளிர்விட்டால், முளைப்பது மரமாகத்தான் இருக்கும், கட்டில் முளைக்காது. கிரேக்கச் சிந்தனையாளர் ஆன்டிஃபோன் சொன்னதாக அரிஸ்டாட்டில் தமது ‘இயற்பியல்’ நூலில் தரும் எடுத்துக்காட்டு இது. வளர்வதற்கான காரணம் தனக்குள்ளேயே இருந்தால் அது இயற்கைப் பொருள். அந்தக் காரணம் தச்சனிடம் இருந்தால் அது செய்பொருள். கதை இவற்றில் எந்த வகை? அசலான படைப்பு செடியைப் போல வளர்வதே தவிரச் செய்யப்படுவதல்ல என்று ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் யங் 1759-இல் வாதிட்டார். எழுதுபவர்களுக்கு இனிக்கும் பதில்தான். மண்வெட்டி பிடித்தவர் இதை அவ்வளவு சுலபமாக ஏற்கமாட்டார்.

செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்குக்கு இரண்டு வேலையும் தெரியும். ‘ரோபோ’ என்ற சொல்லைப் பரப்பிய அவரது 1920-ஆம் ஆண்டு நாடகத்தில் மனித உருக்கள் ஆலையில் தயாராகின்றன. பிராக் நகரில் தோட்டம் வைத்திருந்த அவர் 1929-இல் வெளியிட்ட ‘தோட்டக்காரனின் ஆண்டு’ நூலிலோ எதையும் தயாரிக்க முடியாது. அதில் வரும் தோட்டக்காரன் பாடுபடுவது பூவுக்காக என்பதைவிட மண்ணுக்காக.

செக் நாட்டில் வசந்தத்தின் வேலை முந்தைய இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. துலிப் கிழங்கு மண்ணுக்குள் வாரக்கணக்கில் குளிர்பட்டுக் கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். (ஆடிப்பட்டம் பார்த்து விதைப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம்.) ஒரு வரிகூட எழுதாமல் கதை மனத்தில் கிடக்கும் மாதங்களும் இத்தகையவை. மே 12 முதல் 14 வரையுள்ள மூன்று புனிதர்களின் நாட்களைச் செக் மக்கள் ‘பனிக்கட்டி மனிதர்கள்’ என்பார்கள். அவை கழியும்வரை தக்காளி நாற்றை வெளியில் நடத் துணியமாட்டார்கள். முதல் வரைவை அவசரப்பட்டுப் பிறரிடம் காட்டியவர்களுக்கு அந்தப் பனி தெரியும்.

களையெடுப்பது பெரிய காரியமல்ல. வேண்டாததை நீக்குவதில் வருத்தம் இல்லை. நெருங்கி முளைத்த நாற்றுகளைக் கலைத்துவிடுவதுதான் கை கூசும் வேலை. பிடுங்குபவை அத்தனையும் நல்ல செடிகள். திருத்தி எழுதும்போது போவதும் பெரும்பாலும் மோசமான பத்தி அல்ல. பக்கத்துப் பத்தியின் வெளிச்சத்தை மறைக்கும் நல்ல பத்தி. யங்கின் வாதம் இங்கே இடறுகிறது. செடி தானாக வளரும்; பாத்தியில் எத்தனை செடி நிற்கவேண்டும் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

அப்படியானால் கையின் பங்கு எவ்வளவு? கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் திருத்தூதர் பவுல், நட்டதைத் தமக்கும் நீர் பாய்ச்சியதைச் சக ஊழியர் அப்பொல்லோவுக்கும் ஒதுக்கி, விளையச் செய்வதைக் கடவுளிடம் விடுகிறார். சபைக்குள் எழுந்த கட்சிப் பூசலை அடக்கச் சொன்னது அது. ஆனாலும் தன் பாத்திரம் தன் சொல்லைக் கேட்பதில்லை என்று சொல்லும் நாவலாசிரியருக்கும் பொருந்துகிறது.

ஒப்புமை நிற்காத இடமும் உண்டு. துலிப் கிழங்கிலிருந்து துலிப்தான் வரும்; கதையின் விதை அப்படியல்ல. சாப்பெக்கின் ‘விண்கல்’ நாவலில் (1934) விமான விபத்தில் சிக்கி, பெயர் தெரியாத ஒருவன் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கிறான். ஒரு கன்னிகாஸ்திரீ, ஒரு ஞானதிருஷ்டிக்காரர், ஒரு கவிஞர் மூவரும் அவன் கடந்தகாலத்தைச் சொல்கிறார்கள். மூன்றும் வெவ்வேறு வாழ்க்கைகள்.