வெளிர் பச்சை

வெளிர் பச்சை மையைப் பற்றி இங்க் பேனா பிரியர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "என்ன அழகு!" இல்லாவிட்டால், "இதுல எழுதினா யாருங்க படிக்கிறது?"

ஜப்பானின் பைலட் நிறுவனத்துடைய இரோஷிசுகு வரிசையில் சிகுரின் என்றொரு நிறம் வந்தது. மூங்கில் காடு என்று பொருள். மஞ்சள் கலந்த இளம்பச்சை. இந்த மாதிரி மையில் பட்டை நிப்பால் எழுதினால் கோடு முடியும் இடத்தில் மை தேங்கி, ஒரே எழுத்துக்குள் இரண்டு மூன்று பச்சை தெரியும். மெல்லிய நிப்பால், சாதாரண நோட்டுத் தாளில் எழுதினால் டியூப்லைட் வெளிச்சத்தில் தேட வேண்டியிருக்கும். இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான்.

இந்த வாதம் வழக்கமாக "அவங்கவங்க ரசனை" என்று முடியும். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், ஒரு கடிதம் எழுதும்வரை.

அப்பாவிடம் ஒருமுறை சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் பேச்சில்லை. போனில் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். வெளிர் பச்சை மை, மெல்லிய நிப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து அம்மா போன் செய்தாள். அப்பா கடிதத்தை ஜன்னலோரம் வைத்துப் பார்த்திருக்கிறார். வாசல் வெயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடைசியில் அம்மாவிடம் நீட்டி, "கண்ணு போயிடுச்சு போல. நீ கொஞ்சம் படியேன்" என்றிருக்கிறார். அவருக்கு மட்டும் சொல்ல நினைத்ததை அம்மா எழுத்துக் கூட்டி உரக்கப் படித்திருக்கிறாள்.

அவர் மையைக் குறை சொல்லவில்லை. தன் கண்ணைக் குறை சொன்னார். அதுதான் என்னைக் குத்தியது. என் ரசனை அவருடைய ஊனமாகிவிட்டது. ஒரு கட்டுரை புரியாதபோது நமக்குத்தான் அறிவு போதவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வதில்லையா? படிப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான். பழியைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

சிரமப்பட்டுப் படித்தால் கவனம் கூடும், நெருக்கம் வரும் என்று இந்த மைக்காக வாதாடலாம். நானே வாதாடியிருக்கிறேன். ஆனால் அந்தச் சிரமத்தைப் படிப்பவர் விரும்பி ஏற்க வேண்டும். காயப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறவன் அவர் தலையில் இன்னொரு வேலையையும் சுமத்தலாமா?

இதைவிடச் சங்கடமான கேள்வி ஒன்று இருந்தது. அதே மேசையில் கருநீல மையும் இருந்ததே, ஏன் இதை எடுத்தேன்? பச்சை மை என்றால் நம் ஊரில் கெஜடட் ஆபீசர் கையெழுத்து ஞாபகம் வரும். பிரிட்டிஷ் உளவுத்துறையின் முதல் தலைவர் மான்ஸ்ஃபீல்ட் கம்மிங் 'சி' என்ற ஒற்றை எழுத்தைப் பச்சை மையில் எழுதிக் கையெழுத்திடுவார். அவருக்குப் பின் வந்த தலைவர்களும் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். அதெல்லாம் "இதைச் சொன்னது நான்தான்" என்று காட்டும் பச்சை. நான் எடுத்தது அதற்கு நேரெதிர். மன்னிப்புக் கேட்டதாகவும் இருக்க வேண்டும், கேட்டது பளிச்சென்று தெரியவும் கூடாது. அந்தக் கோழைத்தனத்துக்குத்தான் ரசனை என்று பெயர் வைத்திருந்தேன்.

அதற்காக மையைத் தூக்கிப் போடவில்லை. டைரியை அதில்தான் எழுதுகிறேன். அங்கே படிக்கப்போவது நான் மட்டும். ரசனை அவரவர் விஷயம்தான், இன்னொருவர் கண் அதற்குள் வராதவரை. வந்துவிட்டால் அது அவருடைய விஷயமும்தான்.

கடிதத்தைக் கருநீலத்தில் மறுபடி எழுதினேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. முதல் கடிதத்தில் இருந்த காரணங்களையும் விளக்கங்களையும் அழுத்தமான மையில் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

அப்பா பதில் எழுதவில்லை. போன் செய்தார். "இந்தத் தடவ நானே படிச்சிட்டேன்டா" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.