ரசிகனின் கவலை யாருக்காக?

மனிதன் எதை நேசிக்கிறான் என்பதை அவனது மகிழ்ச்சியைவிட அவனது கவலையே தெளிவாகக் காட்டுகிறது. ஆயினும், பிறருக்காக வருந்துவதாக எண்ணிக்கொண்டு தனக்காகவே வருந்துவதும் மனித மனத்தின் பழைய வழக்கம். இதை ஆராய்ந்தறிய விளையாட்டு மைதானம் நல்லதோர் இடம்.

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை அடுத்துள்ளது விழிஞ்ஞம். பெரும் சரக்குக் கப்பல்கள் வந்துசெல்லும் துறைமுகமாக இன்று அறியப்படும் இவ்வூர், தலைமுறை தலைமுறையாக மீனவர்களின் ஊர். இங்கிருந்து பொழியூர் வரை நீளும் கடற்கரையில் சிறுவர்கள் மணலிலேயே பந்தாடிப் பழகுகிறார்கள். சந்தோஷ் கோப்பையில் ஆடிய வீரர்கள் பலரைத் தந்த கரை இது. உலகக் கோப்பைக் காலம் வந்துவிட்டால் கேரளமெங்கும் பிரேசில், அர்ஜென்டினா கொடிகள் பறக்கும். கண்ணால் காணாத தொலைதூர வீரனின் முழங்கால் வலி, உள்ளூர்த் தேநீர்க் கடையின் கவலையாகிவிடும்.

2014 ஜூலை 4 அன்று நடந்த கால் இறுதி ஆட்டத்தில், கொலம்பிய வீரர் சூனிகாவின் முழங்கால் முதுகில் மோதியதால் பிரேசிலின் நெய்மார் கீழே விழுந்தார். இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு முறிந்திருந்தது. அடி இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பட்டிருந்தால் சக்கர நாற்காலியே கதியாகியிருக்கலாம் என்று பின்னர் அவர் கண்ணீருடன் கூறினார். அப்போது அவருக்கு வயது 22. ஆனால் உலகெங்கும் ரசிகர்களிடையே முதலில் எழுந்த கேள்வி, ‘அவர் எழுந்து நடப்பாரா?’ என்பதன்று, ‘அரையிறுதியில் ஆடுவாரா?’ என்பதே.

இதை உடனே சுயநலம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. மொழியும் நாடும் வேறான ஒருவனுக்காக விழிஞ்ஞத்து மீனவர் ஒருவர் உறக்கம் இழக்கிறார் என்றால், அவரது உள்ளம் தன் வீட்டு எல்லையைக் கடந்திருக்கிறது. அந்த விரிவு போற்றத்தக்கது. ஆனால் அது அந்த வீரனைத்தான் சென்றடைந்ததா, அல்லது அவன் தரவிருந்த வெற்றியை மட்டும் தொட்டு நின்றுவிட்டதா?

இதற்கான விடையை அதே ஆட்டம் தருகிறது. அன்று பிரேசில் அணித்தலைவர் தியாகோ சில்வா மஞ்சள் அட்டை பெற்றதால் அரையிறுதியில் ஆடும் தகுதியை இழந்தார். அவர் உடலில் ஒரு கீறலும் இல்லை. ஒருவருக்கு முள்ளெலும்பு முறிவு; மற்றவருக்கு ஓர் ஆட்டத்துக்குத் தடை. ஆயினும் இரண்டும் ‘அணிக்குப் பேரிழப்பு’ என்று ஒரே மூச்சில் பேசப்பட்டன. வலியையும் தடையையும் ஒரே தராசில் நிறுத்தும் மனம், மனிதனை நிறுக்கவில்லை. அவனது பயனையே நிறுக்கிறது.

இன்னொரு சான்றும் உண்டு. ஆட்டம் முடிந்ததும் சூனிகாவின்மீது இனவெறி வசைகளும் கொலைமிரட்டல்களும் குவிந்தன. அடிபட்ட நெய்மாரோ, தமக்கு அவர்மீது வெறுப்பில்லை என்றார். காயம் பட்டவரிடம் இல்லாத பகை, பார்த்திருந்தவர்களிடம் எங்கிருந்து வந்தது? அன்பு பகையாக மாறுவதில்லை, மமதை மாறும். ‘என்னுடையது’ என்று பற்றியதை ஒருவன் பறித்தான் என்ற எண்ணமே அங்குச் சீறி எழுந்தது.

மமதை கலவாத கவலை எப்படி இருக்கும் என்பதை அறிய, விழிஞ்ஞத்துக் கரையே போதும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கடலுக்குச் சென்றவர்களுக்காக விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் மக்கள் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை. கரையேறிய படகைப் பார்த்து, ‘மீன் எவ்வளவு?’ என்று அன்று கேட்பார் உண்டா? ‘ஆள் இருக்கிறாரா?’ என்பதே கேள்வி. அருகில் இருப்பவன் மனிதனாகத் தெரிகிறான். தொலைவில் இருப்பவன், அவன் செய்யும் வேலையாக மட்டும் சுருங்கிவிடுகிறான். மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாகக் கருதலாகாது என்று ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் வலியுறுத்தியது இந்தச் சுருக்கத்துக்கு எதிராகத்தான்.

இதனால் வீரனுக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். 1998 ஜூலை 12, உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் நாள். பிரேசிலின் ரொனால்டோவுக்கு அன்று பிற்பகல் வலிப்பு ஏற்பட்டது. முதலில் வெளியான அணிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. சிறிது நேரத்தில் அது சேர்க்கப்பட்டது. ஆட விரும்பியவர் அவரே. பிரேசில் 3–0 எனத் தோற்றது. 1962 செப்டம்பரில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலோ, தலையில் தையலுடன் ஆடிய இந்தியாவின் ஜர்னைல் சிங் இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தார். தென் கொரியாவை 2–1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. வீரன் தானாக முன்வந்து தருவது தியாகம். பார்வையாளன் அதை எதிர்பார்ப்பது கொடுமை. ஆனால் கோடிக்கணக்கானவர்களின் எதிர்பார்ப்பைச் சுமக்கும் ஒருவனது ‘நான் ஆடுகிறேன்’ என்ற சொல்லில், எவ்வளவு அவன் விருப்பம், எவ்வளவு அந்தச் சுமை என்று யார் பிரித்துச் சொல்ல இயலும்? அந்தச் சுமையில் தன் பங்கைக் குறைப்பதே ரசிகன் செய்யக்கூடியது.

மனம் தெளிவு பெற, துன்புறுவோரிடம் கருணையையும் நல்லோரிடம் முதிதை என்னும் மகிழ்ச்சியையும் வளர்க்குமாறு பதஞ்சலியின் யோக சூத்திரம் வழிகாட்டுகிறது. ரசிகனுக்கு இவ்விரண்டும் தேவை. பிறரிடம் உள்ள மேன்மையைக் கண்டு மகிழத் தெரிந்தவனுக்கு, அது எதிரணியில் இருந்தாலும் மகிழ்ச்சியே. கருணை உள்ளவனுக்கு, எந்தச் சீருடைக்குள் எலும்பு முறிந்தாலும் வலி ஒன்றே.

2014 அரையிறுதியில் தேசிய கீதம் ஒலித்தபோது, பிரேசில் வீரர்கள் நெய்மாரின் சட்டையை உயர்த்திப் பிடித்து நின்றார்கள். ஜெர்மனி 7–1 என வென்றது. ‘நெய்மார் இருந்திருந்தால்...’ என்ற பேச்சு நெடுநாள் நீடித்தது. அவரது எலும்போ வாரக்கணக்கில் மெல்லக் கூடியது. அவர் மீண்டும் ஆட வந்தார். மனிதன் பிழைத்துக்கொண்டான், கோப்பை மட்டுமே போனது என்று ஆறுதல் கொண்ட ரசிகன் எவனோ, அவனே அந்த வீரனை உண்மையில் நேசித்தவன்.

அடுத்த முறை ஒரு வீரன் மைதானத்தில் சாயும்போது ரசிகன் தன் மனத்தை ஒரு கணம் கவனிக்கட்டும். அங்கு எழும் முதல் கேள்வி ஆட்டத்தைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா? ஆட்டத்தைப் பற்றியது என்றால் வெட்கப்பட வேண்டியதில்லை. கேள்வியை மாற்றிக் கேட்கப் பழகினால் போதும். தன் விளையாட்டிலேயே இதைப் பழகியவன், தன் வீட்டிலும் அலுவலகத்திலும் உடன் உழைப்பவர்களைப் பார்க்கும் பார்வையும் மாறக் காண்பான்.