பாவை ஈதல் பொய்ம்மையாமோ?

முதுமைக்கண் வரும் மறதிநோய் நாளையும் பெயரையும் மெல்ல விழுங்கி, ஈற்றிற் பெற்ற மக்களின் முகத்தையும் மறைப்பது. ஜெர்மனி தேயத்து வைத்தியர் அலாய்ஸ் அல்ஸைமர் 1906-ஆம் ஆண்டில் எடுத்துரைத்த நோய் இதன் வகைகளுள் முதன்மையானது. இந்நோயுற்றார் பலர் அந்திப்பொழுதிற் காரணமின்றிக் கலங்குவர், ஆடையைப் பிசைவர், மருந்தேற்றக் கையிற் செருகிய குழாயைப் பிடுங்குவர். அக்கலக்கந் தணித்தற்பொருட்டு இங்கிலாந்து தேயத்து மருத்துவச்சாலைகள் பலவற்றில், பொத்தானும் நாடாவும் மணியுந் தைத்த கம்பளிப் பின்னலுறை ஒன்றை அவர்தங் கைகளில் இடுவர். சிலர்க்குக் குழவிப்பாவை ஈவர். ஜப்பான் தேயத்தார், தொட்டால் அசைந்து குரல் கொடுக்குங் கடல்நாய்க்குட்டி வடிவினதாய 'பாரோ' என்னும் யந்திரப்பாவையை 2005-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தனர்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். மூதாட்டி ஒருவர் பாவையைப் பிள்ளையெனக் கருதி அணைத்து மகிழ்கின்றார். ஈந்தவரோ அம்மயக்கத்தை அறிந்தே ஈந்தார். இது வஞ்சனையன்றோ? இத்தகைய யந்திரங்களால் வரும் இன்பம் மயக்கத்தைப் பற்றி நிற்றலின் மெய்ந்நலம் ஆகாதென ஆஸ்திரேலிய தேயத்துத் தத்துவ ஆசிரியர் ராபர்ட் ஸ்பாரோ 2002-ஆம் ஆண்டில் வாதித்தனர். இங்கிலாந்தில் டாம் கிட்வுட் என்பார் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நோயாளரை வஞ்சித்தலையும் குழந்தைபோல் நடத்துதலையும் அவரது ஆள்தன்மையைச் சிதைக்குஞ் செயல்களுள் வைத்து எண்ணினர். இவ்வுரைகளை எளிதிற் புறக்கணித்தல் தகாது.

அற்றேல், அப்பொருள்களை விலக்குதலே அறமாகாதோ எனின், ஆகாது. என்னை? நினைவு கெட்டவுடன் உணர்வுங் கெட்டொழிவதில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், அல்ஸைமர் நோயாளர்க்குத் துயரப் படங்களும் மகிழ்ச்சிப் படங்களும் தனித்தனியே காட்டப்பட்டன. கண்ட படத்தைப் பெரிதும் மறந்த பின்னரும் அது விளைத்த துயரமும் மகிழ்ச்சியும் அவரிடத்து நின்றன. மறத்தல் கருவியாகிய சித்தத்தின் கேடு. நுகர்வதாகிய உயிர் ஆண்டே உளது. ஆதலின், 'எப்படியும் மறப்பார்' என்று ஒருவரைக் கலங்கவிடுதல் கொடுமையே.

இனி, வஞ்சனையாவது தன் பயன் கருதிப் பிறர் அறிவை மறைத்தல். பின்னலுறை பொய் எதனையுங் கூறுவதன்று. அலையும் விரல்கட்கு ஒரு தொழில் தருவதே அது. பாவையோ எனின், கண்ணிற் படும்படி அருகே வைக்கத்தகும், விரும்பினார் எடுத்துக்கொள்க. 'இஃது உம் பிள்ளை' என்று வாய்திறந்து கூறுதல் வேண்டா. வேண்டாவென விலக்குவார் மடியில் அதனைத் திணித்தல் அவரை இழிவுபடுத்தலாம். 'இதற்கு உயிருண்டோ?' என வினவும் அறிவு உள்ளார்க்கு மெய்யை மென்மையாக உரைத்தல் கடன். வினவாது அணைத்திருப்பாரிடமிருந்து அதனைப் பறித்துத் திருத்த முயல்வது மெய்ம்மையைப் பேணுதலன்று, நோவைப் பெருக்குதலே.

உண்மையான வஞ்சனை பிறிதோரிடத்து உளது. பாவையை அன்னையின் மடியிலிட்டு, 'இனி நான் வேண்டப்படேன்' என்று மகன் எழுந்து போவானாயின், அவன் அன்னையை மட்டுமன்றித் தன் நெஞ்சினையும் வஞ்சித்தவனாவான். அன்னை அமைதியுற்றாள் என்பது அவன் போதற்கு இசைவாகாது. அப்பாவையை அவளோடு தானும் ஏந்தி, அருகமர்ந்து, அவள் உரைப்பதனைச் செவிகொடுத்துக் கேட்பானாயின், அதுவே அவ்விருவர் பேச்சுக்கும் வாயிலாகும். ஈயப்பட்ட பொருளினும், ஈந்தார் உடனிருந்தனரா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது என்க.