காக்கைக்குச் சோறு வைப்பது யாருக்காக?

சாப்பிடுறதுக்கு முன்னாடி காக்கைக்கு ஒரு பிடி சோறு. நம்ம வீடுகளில் இதற்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. முன்னோர் காக்கை வடிவில் வருகிறார்கள் என்பார் பாட்டி. எல்லா உயிருக்கும் பங்கு கொடுக்கும் பூத யக்ஞம் என்பார் சமய ஆசிரியர். இரண்டுமே நல்ல காரணங்கள்தான். ஆனா, அந்தச் சோற்றுக்குப் பிறகு என்ன நடக்குதுன்னு நாம கேட்கிறோமா?

வீட்டுப் பின்னால் சோறு வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முதலில் ஒரு காகம் மதிலில் உட்கார்ந்து கரையும். சற்று நேரத்தில் ஒரு கூட்டமே வந்துவிடும். மைனாக்கள் ஓரமாகக் காத்திருக்கும். பார்க்கப் பார்க்க மனசு நிறையும். நிறைவது நம்ம மனசு என்பதைக் கவனியுங்கள்.

இந்தச் சாம்பல் கழுத்துக் காகம் மலேசியாவின் பூர்வீகப் பறவை அல்ல. 1890-களில், காப்பிச் செடிகளைத் தின்ற புழுக்களை ஒழிக்க இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். நம் பாட்டன்மாரைப் போலவே தோட்டத்து வேலைக்கு வந்த பறவை! காப்பி போய் ரப்பர் வந்தது; காகம் இங்கேயே தங்கிவிட்டது. மனிதர்கள் போட்டதையும் மிச்சம் விட்டதையும் தின்று பெருகியது. பெருகிவிட்டது என்று பிறகு நகராண்மைக் கழகங்களே ஆள் வைத்துச் சுட்டன. சிங்கப்பூரில் 2020 முதல் வனவிலங்குச் சட்டப்படி காட்டுப் பறவைகளுக்கு உணவு போடுவதே குற்றம். முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

பொறியியல் மாணவனுக்கு இது புரியாத கணக்கு இல்லை. தொட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் வழியும். தீனி கூடினால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் துப்பாக்கி வரும். ஒரு கை சோறு போடுது, இன்னொரு கை சுடுது. முதல் கைக்குச் சம்பந்தமே இல்லைன்னு சொல்ல முடியுமா?

அதுக்காக வழக்கத்தையே விட்டுடணுமா? வேண்டாம். "ஒரு பிடி" என்ற அளவிலேயே பதில் இருக்கு. உலகத்தில் சாப்பிடுவது நாம் மட்டுமல்ல என்று நினைவுபடுத்த ஒரு பிடி போதும்; கூட்டத்தை வளர்க்க அது போதாது. மிஞ்சிய சோற்றையெல்லாம் கொட்டுவது படையல் இல்லை, குப்பை. வைத்த இலையை எடுத்துக் கழுவுவதும், குப்பைத் தொட்டியை மூடி வைப்பதும் அதே தர்மத்தின் மறுபாதி. சட்டம் தடுக்கும் ஊரில், அந்தப் பிடியைப் பசித்த ஒரு மனிதருக்குக் கொடுங்கள். முன்னோர் கோபிக்க மாட்டார்கள்.

கொடுத்தவன் மனசு நிறைந்ததா என்பது சின்னக் கேள்வி. வாங்கிய உயிர் நல்லா இருக்கா என்பதுதான் பெரிய கேள்வி.