பிள்ளைக்கு எந்தப் பள்ளி?



நம் தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் 2004-இல் தொடங்கப்பட்ட 'துளிர்', கைத்தொழிலோடு பாடமும் கற்பிக்கிறது. இத்தகைய மாற்றுப் பள்ளியில் நம் பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

ஹிஜ்ரி 2-இல் பத்ருப் போரில் பிடிபட்ட, எழுத்தறிந்த குறைஷிகள் சிலர் மதீனத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பிப்பதையே மீட்புத் தொகையாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். ஆகவே, பிறரிடம் கல்வி கற்கத் தடையில்லை. ஆனால் ஈமானையும் ஒழுக்கத்தையும் பெருமானார் அவர்களே கற்பித்தார்கள்.

எனவே நாம் விசாரிக்க வேண்டியவை நான்கு: லுஹர் தொழ இடமுண்டா? ஹலாலான உணவு கிடைக்குமா? தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவேனும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழியுண்டா? பிள்ளை அச்சமின்றிப் போகிறதா?

நான்கும் சரியானால் இஸ்திகாரா செய்து சேர்ப்போம். மாலை மக்தபை மட்டும் நிறுத்திவிட வேண்டாம். தீனைக் கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது. மறுமையில் நம்மிடமே கேட்கப்படும்.

அல்லாஹ் நம் மக்களை ஸாலிஹானவர்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.